மதுரைக்கு நான் கொண்டுபோன டர்போ

மதுரையில் இறங்கியபோது என்னிடம் ஒரு பெட்டியும் ஒரு மூட்டையும் இருந்தன. பெட்டியில் என் சட்டைகள். மூட்டையில், என் பழைய கைலிகள் இரண்டால் சுற்றிய ஒரு டர்போ. ஏழு கிலோ இருக்கும். பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுத்தேன், மூட்டையைக் கொடுக்கவில்லை.

டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டேன். கைலி விலகி, நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட இரும்பு கொஞ்சம் தெரிந்தது. முன் சீட்டுப் பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்துவிட்டு எனக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டார்கள். அது சௌராஷ்டிர மொழி என்றார் பக்கத்தில் இருந்தவர். "எம்புட்டுப் பெரிய நத்தை, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டாரோன்னு பேசிக்கிறாக" என்று மொழிபெயர்த்தும் சொன்னார். நான் மறுக்கவில்லை. கோயிலுக்கு என்று நினைத்ததாலோ என்னவோ, இறங்கும்வரை யாரும் என்னை இடிக்கவில்லை.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் நானும் ஒரு சீனக் கூட்டாளியும் பட்டறை நடத்துகிறோம். பந்தயத்துக்குப் போகும் கார்களுக்கு வேகம் கூட்டித் தருவது எங்கள் வேலை. மாணிக்கம் அண்ணன் அங்கே பதினைந்து வருஷம் மளிகைக்கடை வைத்திருந்தவர். சொந்த ஊரான மதுரைக்கே திரும்பியபோது, எங்களிடம் வாங்கிய இரண்டு கதவு ஜப்பான் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். மதுரைச் சீமையிலேயே டர்போ வைத்த கார் தன்னுடையது ஒன்றுதான் என்று முதல் கடிதத்தில் எழுதினார். டர்போ செத்துவிட்டது என்று இரண்டாவது கடிதத்தில் எழுதினார். ஊருக்குப் போன ஒருவரிடம் வேறொன்று கொடுத்தனுப்பினேன். அதுவும் சீக்கிரமே செத்தது. "நீயே நேர்ல வந்து பாரு" என்று மூன்றாவது கடிதம் வந்தது. எண்பதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதத்தில், இப்படித்தான் நான் மதுரைக்கு வந்தேன்.

டர்போ தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் கக்கும் புகை வீணாகத்தான் போகிறது. அது போகும் வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தால், புகை அதைச் சுற்றிவிடும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கும். அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் நெருப்பு கூடும், நெருப்பு கூடினால் வேகம் கூடும். ஆனால் புகைக்குழாய்களின் பாடுதான் திண்டாட்டம். வழியில் சக்கரம் மறித்து நிற்பதால் சூடு தேங்கி, இரும்பு செக்கச்செவேலென்று ஆகும், சில சமயம் வெடித்தும் போகும். சத்தம் மட்டும் குறைந்துவிடும். புகையின் ஆங்காரத்தையெல்லாம் சக்கரம் வாங்கிக்கொள்வதால், மிச்சம் பூனை மாதிரிப் பின்பக்கம் வெளியேறும்.

மாணிக்கம் அண்ணனின் மனத்தாங்கல்களில் அதுவும் ஒன்று. "காளவாசல்ல என் காரை எவனும் மதிக்க மாட்டேங்கிறான்டா. ஓட்டை சைலன்சர் வச்ச அம்பாசடர் உறுமுற உறுமல்ல பாதி கூட இதுல இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி கோலா உருண்டையும் கறிக்குழம்புமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். ஈப்போவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை வரும். இங்கே தூக்கம்தான் வருகிறது. நான் சாதாரணமாகவே பாதிக் கனவில் நடமாடுகிறவன். மதுரை வெயிலும் கறிக்குழம்பும் சேர்ந்து என்னை முழுக் கனவுக்குள் தள்ளிவிட்டன. மேலே மின்விசிறி சுற்றியது. அது சுற்றுவதும் டர்போ சுற்றுவதும் ஒன்றாகிக் கலங்க, சாயங்காலம்வரை தூங்கினேன்.

எழுந்ததும் அண்ணன் பருத்திப்பால் வாங்கித் தந்தார். கருப்பட்டியும் சுக்கும் மணக்க, சூடாக, கெட்டியாக இருந்தது. குடித்துக்கொண்டே அவர் கதையைச் சொன்னார்.

மதுரைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் புகை கொண்டுபோகும் இரும்புக் குழாய் சூட்டில் வெடித்துவிட்டதாம். இந்த ஊரில் அதற்கு மாற்று கிடைக்காது. காளவாசலில் லாரிகளுக்குச் சைலன்சர் கட்டும் இஸ்மாயில் பாய், பைப்புகளை வளைத்துப் பற்றவைத்து அதேபோல ஒன்று செய்து கொடுத்தார். அதைப் போட்ட பிறகுதான் டர்போ இரண்டும் போனது.

"பைப்பை வளைக்கிறப்ப உள்ள மணலை அடைக்கிறாருடா பாய். அதுல ரெண்டு மணி ஒட்டிக்கிட்டு நின்னாப் போதும்ல? டர்போ காலி. நான் காளவாசல்ல அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டேன். ஆனா பாய் ஒத்துக்கிட மாட்டேங்கிறாரு. நீ வந்து சொன்னாத்தான் சரிப்படும்."

செத்த டர்போக்கள் எங்கே என்று கேட்டேன். கீழக்குயில்குடித் தோட்டத்தில் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். போய் அவற்றைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அவசரமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மறுநாள் காலையில் காளவாசலுக்குப் போனோம். நாலு திசையிலிருந்தும் லாரிகள் வந்து முட்டிக்கொள்ளும் சந்திப்பு அது. பாய் கடை தகரக் கொட்டகை. முன்னால் நாலு லாரிகள் நின்றன. ஐம்பது வயது மனிதர், வெள்ளைத் தொப்பி, முழங்கை வரைக்கும் கரி. ஒரு பைப்பை வளைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்தது தெரிந்தும் கையை நிறுத்தவில்லை.

அந்த வேலையைப் பார்க்க அழகாக இருந்தது. காய்ந்த வைகை மணலைப் பைப்புக்குள் கெட்டியாகத் தட்டி நிரப்புகிறார். இரண்டு பக்கமும் மரக்கட்டையால் அடைக்கிறார். கரியடுப்பில் பழுக்கவைத்து, தரையில் அடித்த இரண்டு முளைகளுக்கு நடுவே கொடுத்து மெல்ல இழுக்கிறார். உள்ளே மணல் இருப்பதால் பைப் நசுங்காமல், வாழைத்தண்டு மாதிரி வழுவழுவென்று வளைகிறது. பிறகு கட்டையை எடுத்து மணலைக் கொட்டி, தட்டி, தண்ணீர் விட்டு அலசி, சைக்கிள் செயினில் துணி கட்டி உள்ளே இழுக்கிறார். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை இழுக்கிறார். ஈப்போவில் இதற்கு எங்களிடம் மெஷின் இருக்கிறது. மெஷின் வளைத்த பைப்பில் இந்த வழுவழுப்பு கிடையாது.

அண்ணன் தன் கார்ப் பைப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை என்னிடம் கொடுத்தார். லாரிக்காரர்கள் கூடினார்கள். டீக்கடையில் இருந்தவர்களும் கிளாஸோடு வந்து நின்றார்கள். மலேசியாவிலிருந்து இன்ஜினியர் வந்திருக்கிறார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் இன்ஜினியர் இல்லை. பத்தாவது கூட முடிக்காதவன். ஆனால் அதை யாருக்கும் சொல்லவில்லை.

பைப்புக்குள் விரலைவிட்டுச் சுழற்றி எடுத்தேன். விரல் நுனியில் நாலைந்து மணல் மணிகள் இருந்தன. கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினேன்.

"மணல்தான்" என்றேன்.

பாய் கிட்டே வந்து என் விரலை உற்றுப் பார்த்தார். "இது என் மணல் இல்ல தம்பி. நான் போடுறது ஆத்து மணல், வெளுப்பா இருக்கும். இது செவப்பா இருக்கு பாருங்க."

"அந்தச் சூட்டுல வெந்தா வெள்ளையும் செவக்கத்தானே செய்யும் பாய்?" என்றேன் நான்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெருமையாகத்தான் இருந்தது.

பாய் கையைத் துடைத்தார். "வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நின்ற நாலு லாரிகளில் ஒன்று ஸ்டார்ட் ஆகிப் போனது. சற்று நேரத்தில் இன்னொன்றும் போனது.

அன்று முழுக்க அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் பைப்பை அலசினேன். துடைத்தேன், மறுபடி அலசினேன். பிறகு அதையே காரில் மாட்டி, மூன்றாவது டர்போவையும் ஏற்றினேன். அண்ணன் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். இதுவும் போனால் காரை விற்றுவிடப் போவதாக அண்ணியிடம் அவர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காரை ஓட்டிப் பார்க்கப் போனோம். அண்ணனுக்குச் சர்க்கரை, கண் மங்கல். அதனால் அவருடைய தூரத்து மைத்துனன் பாண்டிதான் காரை ஓட்டுகிறவன். முப்பது வயது, முன்பு லாரி ஓட்டியவன். அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டார், நான் பாண்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். சமயநல்லூர் தாண்டி ரோடு காலியானது. "விடவாண்ணே?" என்றான். "விடு" என்றேன்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. டர்போ அப்படித்தான், கூப்பிட்டதும் வராது. பிறகு முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. சத்தம் அதிகமில்லை. மெல்லிய விசில் ஒன்று மட்டும் கேட்டது. பனைமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நெல் அறுத்த வயல்கள் மஞ்சள் துணியாக நீண்டன. தண்டவாளத்தில் ஒரு பாசஞ்சர் ரயில் பின்னோக்கிப் போவதாகத் தோன்றியது, நாங்கள்தான் அதைத் தாண்டிக்கொண்டிருந்தோம். ஈப்போ ரோடுகளில் இப்படி ஓட்ட முடியாது. மலை வரும், வளைவு வரும், மழை வரும். இங்கே பூமி தட்டையாகப் படுத்து எங்களுக்கு வழி விட்டது.

அப்படிப் போகும்போதே பாண்டி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். கியரை எடுத்துவிட்டான். விசில் அடங்கியது. டயர் ரோட்டில் உரசும் ஓசை மட்டும் மிச்சமிருந்தது. பிறகு அதுவும் மெலிந்து, குருவிகளின் சத்தம் கேட்டது. வாய்க்கால் தண்ணீர் ஓடுவது கேட்டது. கார் தானாகவே மிதந்துபோய் ஓர் ஆலமரத்தடியில், கையில் அரிவாளோடு உட்கார்ந்திருந்த முனியாண்டி சாமி முன்னால் நின்றது. கடைசி வெயில் அவர் மீசைமேல் கிடந்தது. இந்தப் பயணத்திலேயே என் மனசு நிறைந்த நிமிஷம் அதுதான். ஏன் அணைத்தாய் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பாண்டி இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடம் ஏற்றினான். பூசாரி திருநீறு தந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு லாரியும் அதேபோல இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த வாடை வந்தது. சூட வாசனைக்கு அடியில் வேறொன்று, வாணலியில் தீய்ந்த எண்ணெய் வாடை. காரின் மூடியைத் தூக்கினேன். உள்ளே மங்கல் இருட்டில் டர்போ ஓடு அடுப்புக்கரி போலச் சிவந்து கிடந்தது. டிக் டிக்கென்று இரும்பு முனகியது.

டர்போத் தண்டைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். இன்ஜின் ஓடினால்தான் அந்த எண்ணெயும் ஓடும். வேகமாக வந்து சட்டென்று அணைத்தால் எண்ணெய் அப்படியே நின்று, அந்தச் சூட்டில் வறுபட்டுக் கரியாகிவிடும். அதனால் அணைப்பதற்கு முன் இரண்டு நிமிஷம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு ஆற்ற வேண்டும். ஈப்போவில் எங்களிடம் வருகிற அத்தனை பேருக்கும் இது தெரியும்.

"பாண்டி, வண்டியை ஸ்டார்ட் பண்ணு. சீக்கிரம்!" என்று கத்தினேன்.

"சாமி முன்னாடியா?" பாண்டி என்னை விநோதமாகப் பார்த்தான். "என்னண்ணே பேசுறீக? இங்கன யாரும் இன்ஜினை இரையவிட மாட்டாங்க. அணைச்சுட்டுத்தான் வரணும், முடுக்கணும்னா அங்கிட்டுத் தள்ளிக்கிட்டுப் போயித்தான் முடுக்கணும்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"போறப்ப ஒருக்கா, வாரப்ப ஒருக்கா. மாணிக்கம் மாமாவோட குலசாமில்ல? இவர் முன்னாடி இன்ஜின் ஓடுனா நான் வண்டியில ஏற மாட்டேன்னு அவருதான் மொத நாளே சொன்னாரு."

விவாதம் பண்ண நேரமில்லை. "சரி, தள்ளு" என்றேன். நானும் பாண்டியும் லாரிக்காரர்கள் இருவரும் பூசாரியும் சேர்ந்து தள்ளினோம். ஆலமர நிழல் முடிந்ததும் பாண்டி ஏறி முடுக்கினான். ரோட்டோரத்தில் மண்டி போட்டுக் காதை வைத்துக் கேட்டேன். விசில் சுத்தமாக இருந்தது. மூன்றாவது டர்போ பிழைத்துவிட்டது. ஆனால் காளவாசலில் நான் உயர்த்திக் காட்டிய விரல்தான் கண்முன் நின்றது.

நாலாம் நாள் கீழக்குயில்குடிக்குப் போனோம். தோட்டத்துச் சாய்ப்புக் கொட்டகையில் டிரங்குப் பெட்டி இருந்தது. திறந்து இரண்டு டர்போக்களையும் வெளியே எடுத்தேன். மணல் பட்டிருந்தால் புகைச் சக்கரத்தின் இதழ்கள் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். இரண்டிலும் இதழ்கள் புத்தம் புதுசாக இருந்தன. ஓரம் விரலைக் கிழித்தது. ஆனால் தண்டு அசையவில்லை. பிரித்துப் பார்த்தால், அடிப்பிடித்த சட்டி போல உள்ளே முழுக்கக் கரி.

"பைப்பைக் கழத்தின பிறகு எங்க போட்டு வச்சிருந்தீங்க?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"இந்தா, இங்கனதான்" என்று சாய்ப்புக்கு வெளியே தரையைக் காட்டினார். செம்மண். காற்று அடித்தபோது என் செருப்பு மேலும் அது படிந்தது.

எழுந்து, பக்கத்தில் இருந்த சமணர் மலைமேல் ஏறினேன். ஈப்போவிலும் பாறை மலைகள் உண்டு. ஆனால் அவை பச்சைப் போர்வை போர்த்தி ஈரத்தில் நிற்கும். இது வெறும் கல். அந்தக் கல்லில் என்றோ யாரோ தலையணைகூட விட்டுப் படுக்கைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் படுத்தேன். வெளியே அனல் பறந்தது. முதுகில் மட்டும் குளுமை ஏறியது. கீழே தாமரைக்குளம், வயல்கள், ரோட்டில் சத்தமில்லாமல் ஊரும் பஸ். கண் செருகியது. அந்த அரைத் தூக்கத்தில் ஈப்போ பட்டறை வாசல் தெரிந்தது. மாணிக்கம் அண்ணனுக்குக் காரை ஒப்படைத்த நாள் அது. பெட்ரோல் பற்றிச் சொன்னேன், டயர் பற்றிச் சொன்னேன். பிறகு இருவரும் வெளியே போய் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டோம். இரண்டு நிமிஷம் ஆறவிட்டு அணைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

திடுக்கிட்டு எழுந்தேன். ஈப்போவில் அவர் கடைக்கும் வீட்டுக்குமாக மெதுவாக ஓட்டியதால் ஒன்றும் ஆகவில்லை. தட்டையான நீள ரோடு கிடைத்த பிறகுதான் நான் சொல்லாமல் விட்டது டர்போவைக் கொன்றிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கல்படுக்கையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

கீழே வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பாயி மேல தப்பே இல்லையாடா?"

"இல்லண்ணே. அவர் பைப்பு இல்லன்னா உங்க கார் ஓடியே இருக்காது."

"நான் காளவாசல் பூராம் பேசிட்டேனேடா. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கிட்டுப் போறது?"

"நீங்க பேசினதை ஊர் பாதிதான் நம்பிச்சு. நான் சொன்னதும் முழுசா நம்பிட்டாங்க" என்றேன்.

சாமி விஷயத்தைப் பாண்டி ஒரே நிமிஷத்தில் தீர்த்தான். "கோயிலுக்கு முன்னாடி இருக்கிற வாய்க்கால் பாலத்துல இருந்தே மாட்டுவண்டி மாதிரி மெதுவாப் போனா அது ஆறிருமாண்ணே?" ஆறிவிடும் என்றேன். "அம்புட்டுத்தானா? சாமியப் பாக்கப் போறவன் அப்படித்தானே போகணும். நாமதான் பறந்துக்கிட்டுப் போயிருக்கோம்" என்றான்.

ஐந்தாம் நாள் காலை காளவாசலில் பாய் கடை முன்னால் ஒரு லாரியும் இல்லை. அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. அண்ணன் செத்த டர்போ இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பின்னால் நின்றார். நான் ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். மணல் காரணமில்லை, பாய் வேலை சுத்தம், தப்பு என்னுடையது என்றேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு ரிக்‌ஷாக்காரர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

பாய் ஒரு டர்போவை வாங்கி, இதழ்களில் கட்டைவிரலை ஓட்டினார். மறுபக்கம் திருப்பியும் ஓட்டினார். அவர் கண் கலங்கியது போலிருந்தது. புகையாகவும் இருக்கலாம் என்று எழுத நினைத்தேன், ஆனால் அடுப்பில்தான் நெருப்பே இல்லையே.

"சொன்னதுக்குச் சந்தோசம் தம்பி. மனுசன் வந்து சொல்றதே பெருசு" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆனா அன்னைக்கு நீங்க சொன்னப்ப இங்க நாலு லாரி நின்னுச்சு. ஒண்ணு நாகர்கோயிலு, ஒண்ணு சேலம், ரெண்டு தூத்துக்குடி. இன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு, டீக்கடைக்காரருக்குக் கேட்டுச்சு. அவுங்க நாலு பேரும் இந்நேரம் எந்தக் கடையில டீ குடிச்சுக்கிட்டு, யாருகிட்ட என்ன பேசிக்கிட்டு இருக்காங்களோ?"

அண்ணன் முன்னால் வந்து பாயின் கரிக்கையைப் பிடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்த இரண்டு நாளும் பாய் கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்திருந்தேன். மீனாட்சி கோயிலைப் பார்க்காமல் யாராவது மதுரையை விட்டுப் போவார்களா என்று அண்ணி திட்டினார். நான் போகவில்லை. ரோட்டில் வேகம் குறைக்கிற ஒவ்வொரு லாரியிடமும் ஓடினேன். சிலர் கேட்டார்கள், சிலர் ஹாரன் அடித்தார்கள். பாய் நேரத்துக்கு நேரம் டீ வாங்கித் தந்தார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு லாரி உள்ளே வந்து நின்றது. பாய் அடுப்பைப் பற்றவைத்தபோது நான் கரியை அள்ளிப் போட்டேன்.

மறுநாள் ஈப்போவுக்குத் திரும்பத் திருச்சி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், விருதுநகர்க்காரர். திருச்சியில் நிற்கும் லாரியை எடுக்கப் போவதாகச் சொன்னார். பேச்சு சைலன்சருக்கு வந்தது.

"மதுரையில எங்க வேணா மாத்துங்கண்ணே, காளவாசல்ல ஒரு பாய் கடை இருக்கு, அங்க மட்டும் போயிராதீக. உள்ள மணலைக் கொட்டி வச்சிருவாராம். மலேசியாவுல இருந்து ஒரு பெரிய இன்ஜினியர் ஃபாரின் கார்ல வந்து, மெஷின் வச்சுப் பாத்துச் சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றார்.

"அந்த ஆள் நான்தாங்க. மெஷின் இல்ல, இந்த விரல்தான். நான் சொன்னது தப்பு" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கசங்கிய சட்டை, முழங்கையில் கரி. "பாய்க்கு வேண்டியவரா நீங்க?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விராலிமலையில் பஸ் டீக்கு நின்றது. அங்கே ஏழெட்டு லாரிகள் வரிசையாக நின்றன. நான் டீ குடிக்கப் போகவில்லை. முதல் லாரிக்குக் கீழே படுத்திருந்த டிரைவரை எழுப்பி, காளவாசல் பக்கம் போவீர்களா என்று ஆரம்பித்தேன். நல்ல மனிதர். எழுந்து உட்கார்ந்து, பீடி பற்றவைத்துக்கொண்டு, டர்போ, செம்மண், முனியாண்டி என்று கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

கேட்டு முடித்ததும் அவர் புகையை ஊதிவிட்டு, "ரொம்ப நன்றிண்ணே, நல்லவேளை சொன்னீக" என்றார். "காளவாசல்ல எந்தக் கடைண்ணே அது, அந்த மணல் இருக்கிற கடை?"

பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.